குற்றாலச் சாரலும் ஒற்றை நாற்றும்

திருநெல்வேலியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுவோர்க்குப் பாவூர்ச்சத்திரம் தாண்டியதுமே காற்றின் தன்மை மாறுவது புலப்படும். ஆனி, ஆடி மாதங்களில் தமிழகத்தின் பிற பகுதிகள் வெயிலில் வாடிக்கொண்டிருக்க, செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மெல்லிய தூறலைச் சுமந்து வருகின்றது. மழை என்று சொல்வதற்கு இயலாது. மழையன்று என்று சொல்வதற்கும் மனம் வராது. இவ்வூர் மக்கள் அதனைச் 'சாரல்' என்று அழகாகப் பெயரிட்டு அழைக்கின்றனர்.

தென்காசி பழம்பெரும் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோவிலின் கோபுரம் வெகு தொலைவிலிருந்தே நம்மை வரவேற்கிறது. பழைய கோபுரம் தீயினால் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்று, 1990-ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்தது. அதன் வாயிலில் நுழைவோரைத் தள்ளுமாப்போல் வீசும் காற்றைப்பற்றிப் பேசாத தென்காசிக்காரர் இல்லை. 2019 நவம்பர் 22 முதல் இவ்வூர் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகிறது.

அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம். பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி என்று அருவிகளின் வரிசை நீளுகின்றது. மலையுச்சியிலிருந்து வேகமாய் வரும் நீர் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, சினம் தணிந்து, பின்னரே பேரருவியாய் மாந்தர் தலைமீது இறங்குகிறது. இயற்கை தானே அமைத்த இத்தடுப்பு இல்லாவிடில் பேரருவியில் நீராடுதல் எவர்க்கும் இயலாது. சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கின்றன. இவை நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து வேரூன்றிய கனிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இம்மலைச் சாரலில் சாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தனர் என்பதும் வரலாறு. வெளியிலிருந்து வரும் புதுமையை ஏற்று வளர்க்கும் பண்பு இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதனை வாசகர்கள் நினைவில் கொள்வார்களாக.

அருவிக்கு அப்பால்

குற்றாலம் வருவோருள் பெரும்பாலோர் நீராடி, எண்ணெய்ப் பிசுக்கும் களைப்பும் நீங்கி ஊர் திரும்பிவிடுகின்றனர். நாமோ அருவி நீர் அதன்பின் எங்குச் செல்கிறது என்று காண விரும்பி ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கி நடந்தோம்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கின்றது. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி ஆகிய அணைகள் அதன் துணையாறுகளில் உள்ளன. ஆயினும் இப்பகுதியின் உயிர்நாடி அந்த அணைகள் மட்டுமன்று. ஆற்றின் குறுக்கே முன்னோர் கட்டிய அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், அக்கால்வாய்கள் நிரப்பும் குளங்களுமே வயல்களை வாழவைத்து வந்திருக்கின்றன. பிற மாவட்டத்தார் ஏரி என்பதனை நெல்லைச் சீமையார் குளம் என்பர். மேலக்குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குச் செல்லும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒருவர் வயிறு நிறைந்தபின் மற்றவர்க்குப் பந்தி என்பதுபோன்ற ஏற்பாடு இது.

தென்மேற்குப் பருவத்தை நம்பிக் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவத்தை நம்பிப் பிசானம். இவ்விரு போகமும் தவறாமல் விளைந்தால் உழவர் வீட்டில் திருமணம் நடக்கும். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் இருக்கும். மேலே சாரல் பொய்த்தால் கடைமடையில் கார் இல்லை. தலைமடையில் இருப்பவர் வயலில் கணுக்கால் ஆழம் நீர் நிற்க, கடைமடைக்காரர் வெடித்த வயலைப் பார்த்து நிற்கும் காட்சியை இந்தப் பயணத்திலும் கண்டோம். தண்ணீர்ப் பங்கீட்டால் அண்ணன் தம்பிகள் பேச்சற்றுப் போன குடும்பங்கள் நம் பங்குகளிலும் இல்லாமல் இல்லை.

நெல்லுக்கு நீர் எவ்வளவு வேண்டும்? உலகளாவிய சராசரிக் கணக்கில் ஒரு கிலோ நெல் விளைய மழையும் பாசனமுமாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வயலில் இறங்குகிறது என்பர் ஆராய்ச்சியாளர். நெல் நீரில் வாழும் பயிர், எந்நேரமும் நீர் நிற்கவேண்டும் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். இந்நம்பிக்கையை அசைத்துப் பார்த்தவர் ஒரு துறவி. அவரைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவது இவ்விடத்தில் பொருந்தும்.

மடகாஸ்கரில் ஒரு குருவானவர்

இந்துமாக்கடலில், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் அமைந்த தீவு மடகாஸ்கர். பரப்பில் பெரிதாயினும் செல்வத்தில் மிகச் சிறிய நாடு. நம்மைப்போலவே அங்குள்ளோரும் மூன்று வேளையும் சோறு உண்பவர். ஆயினும் விளைச்சல் குறைவு, பசி அதிகம். பிரான்சு நாட்டில் 1920-ல் பிறந்து, வேளாண்மைக் கல்வி கற்று, பின்னர் இயேசு சபையில் சேர்ந்து குருவான ஹென்றி தெ லொலானியே அடிகளார் 1961-ல் இத்தீவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் உழவர்களுக்கு உடனே பாடம் புகட்டத் தொடங்கவில்லை. அவர்கள் வயலில் என்ன செய்கின்றனர் என்று பல ஆண்டுகள் கவனித்தார். சில இடங்களில் கொத்தாக நடாமல் ஒற்றை நாற்றாக நடுவதையும், வேறு சில இடங்களில் எப்போதும் நீர் கட்டாமல் இடையிடையே காயவிடுவதையும் கண்டார். ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு சோதித்தும் பார்த்தார்.

1981-ல் அந்த்சிராபே என்னும் ஊரில் நாட்டுப்புற இளைஞருக்காக அவர் ஒரு வேளாண் பள்ளியைத் தொடங்கினார். 1983-ஆம் ஆண்டின் நடவுக் காலத்தில் மழையின் போக்கினால் நேரம் நெருக்கவே, பதினைந்தே நாள் நிரம்பிய இளநாற்றுகளை நடவேண்டியதாயிற்று. முப்பது நாள் நாற்றை நட்டுப் பழகியவர்க்கு அது வீண்வேலையாகவே தோன்றியிருக்கும். சில வாரங்கள் சென்றன. வாடிப்போகும் என்று எண்ணிய அந்த நாற்றுகள் எண்ணிப் பார்த்திராத அளவுக்குத் தூர் கட்டி நின்றன!

இளநாற்று, ஒற்றை நாற்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், உருளும் களைக்கருவி என்று அடிகளார் பல ஆண்டுகளில் சேர்த்துக்கொண்டவை ஒரு முறையாக உருப்பெற்றன. இரசாயன உரத்துக்கான அரசு மானியம் நின்றபோது தொழுவுரமும் மக்கும் இலைதழைகளும் அதன் இடத்தைப் பிடித்தன. 1990-ல் தம் மடகாஸ்கர் நண்பர்களோடு அவர் அமைத்த சங்கத்தின் பெயர் 'தெஃபி சாய்னா'. மனத்தைப் பண்படுத்துதல் என்பது அதன் பொருளாம். நிலத்துக்கும் மனத்துக்கும் பண்படுத்துதல் என்னும் ஒரே சொல்லை வழங்கும் தமிழர்க்கு இப்பெயரின் நயம் உடனே விளங்கும். 1995-ல் அடிகளார் மறைந்தார். அவர் கண்ட முறைக்குக் காப்புரிமை இல்லை. அதற்காக எவரும் எவர்க்கும் ஒரு காசும் செலுத்தவேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் முதலியோரின் முயற்சியால் அது கடல் கடந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சோதிக்கப்பட்டது.

வயலில் நடப்பது என்ன?

இம்முறை தமிழகத்தில் 'திருந்திய நெல் சாகுபடி' என்றும், பின்னர் 'செம்மை நெல் சாகுபடி' என்றும் பெயர் பெற்றது. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாண்டு நிறைவை ஒட்டி 2010-ல் 'இராசராசன் 1000' என்ற பெயரும் அதற்கு வழங்கப்பட்டது. உழவர் வாயில் அது என்றும் ஒற்றை நாற்று நடவுதான்.

ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை விட்டுவந்த இடத்தில் இரண்டு அல்லது மூன்று கிலோ போதும். ஒரு சென்ட் இடத்தில் பாய்போல் அமைத்த நாற்றங்காலில் அதனை விதைத்து, பதினான்கு நாளில், வேரோடு ஒட்டிய மண் உதிராமல் எடுத்து, பரம்படித்துச் சமன் செய்த வயலில் 22.5 செண்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒன்றாகச் சதுரமாய் நடவேண்டும். பின்னர் வயலில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்போது மட்டும் இரண்டரை செண்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் போதும். பத்து நாளுக்கு ஒருமுறை களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்குமாக உருட்டினால் களை மண்ணுக்குள் அமிழ்ந்து உரமாகும். மண்ணும் கிளறப்பட்டு வேருக்குக் காற்றுக் கிடைக்கும்.

பயன் எங்கிருந்து வருகிறது? நெற்பயிர் இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருக்கும்போதே வேர் அறுபடாமல் இடம் மாறினால், அதன் தூர் கட்டும் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது. நாற்றங்காலிலேயே முதிர்ந்துவிட்ட நாற்று அந்த ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தபின்னரே வயலுக்கு வருகிறது. நெருக்கி நட்ட பயிர்கள் ஒளிக்கும் உணவுக்கும் ஒன்றோடொன்று போட்டியிடும். இடம் விட்டு நட்ட பயிர் தன் வேரை ஆழப் பரப்பும். எந்நேரமும் நீரில் மூழ்கிய வேர் மூச்சுத் திணறி அழுகும். காய்ந்து நனையும் மண்ணில் அது நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும். நீர் தேங்கிய வயலிலிருந்து எழுந்து உலக வெப்பத்தைக் கூட்டும் மீத்தேன் வளியும் இம்முறையில் கணிசமாகக் குறைகிறது என்பது பின்னாளில் அறியப்பட்டது.

நெல்லைச் சீமையில் நன்செய் நிலத்தைக் 'கோட்டை விதைப்பாடு', 'மரக்கால் விதைப்பாடு' என்று அளந்து கூறும் வழக்கம் உண்டு. இத்தனை விதை கொள்ளும் நிலம் என்பது பொருள். ஒற்றை நாற்று நடவிலோ ஒரு கோட்டை விதைப்பாட்டுக்கு ஒரு கோட்டை விதை வேண்டியதில்லை. பாட்டனார் காலத்து அளவையே பொருளிழந்து போகுமளவுக்கு இம்மாற்றம் பெரிது.

பொருநைக் கரையில்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கியது. 2003-04-ல் காவிரிப் படுகையிலும் நம் தாமிரபரணிப் படுகையிலும் உழவர்களின் சொந்த வயல்களிலேயே சோதனை நடந்தது. அறிவியலாரின் பண்ணையில் விளைவது வேறு, கடன் வாங்கிப் பயிர்செய்பவன் வயலில் விளைவது வேறு என்பதனால் இது நல்ல ஏற்பாடு. தாமிரபரணிப் படுகையில் பழைய முறையில் எக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 5.7 டன் விளைந்தது. புதிய முறையில் 7.2 டன். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் 'அம்பை 16' போன்ற இரகங்களைத் தந்து இப்பகுதிக்குச் சோறிட்டது. விதையை மாற்றாமல் நடும் விதத்தை மாற்றியே எக்டேருக்கு ஒன்றரை டன் கூடுதலாக விளைந்தது என்பது வியக்கத்தக்கது. 2007-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இம்முறையைப் பல ஆற்றுப் படுகைகளுக்குக் கொண்டுசென்றது.

அங்ஙனமாயின் இன்று சிற்றாற்றுப் படுகை முழுதும் ஒற்றை நாற்றாக அல்லவா நிற்கவேண்டும்? நாம் கண்ட வயல்களில் அவ்வாறு இல்லை. சிலவற்றில் வரிசை நடவு உண்டு. பலவற்றில் பழையபடி கொத்து நடவே. ஏன்?

கடைமடை வயலொன்றில் நடவு முடித்துக் கரையேறிய பெண்களிடம் இக்கேள்வியை வைத்தோம். அவர்களுள் மூத்தவர் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே மறுமொழி கூறினார்: "ஒத்த நாத்த நட்டுட்டுப் போனா, ராத்திரி ஒரு மழ அடிச்சா, வெடியும்போது வயல்ல என்னய்யா இருக்கும்?"

இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை இன்னும் எவர்க்கும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. 2024 மே மாதத்தில், கோடை நடுவில், பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஓர் இளைஞனின் உயிரைக் கொண்டுபோயிற்று. பருவம் தவறி, அளவும் தவறிப் பெய்யும் மழையில், பதினான்கு நாள் நாற்று நான்கு விரல் நீரில் மூழ்கினால் அழுகிவிடும். வடிகால் இல்லாத பள்ள வயலுக்கு இம்முறை பொருந்தாது என்பதனை அந்த அம்மாள் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

காரணம் இதுமட்டுமன்று. கையால் களையெடுத்தல் காலங்காலமாய்ப் பெண்களின் வேலை. சேற்றில் கருவியை உருட்டுவதோ பெரும்பாலும் ஆண்களின் கைக்குச் சென்றது. பெண்ணுக்குக் கூலி போயிற்று. உழவனுக்கோ கூடுதல் கூலிக்கு ஆள் தேட நேர்ந்தது. கால்வாய்ப் பாசனத்தில் நீருக்கு அளவு பார்த்து விலை இல்லையாதலால், நீரை மிச்சப்படுத்துபவனுக்குக் கையில் ஒன்றும் சேர்வதில்லை. அவன் மிச்சப்படுத்தும் நீர் கடைமடைக்காரனுக்குப் போகும். உழைப்பு மட்டும் அவனுடையது. அடுத்த முறை நீர் எப்போது வரும் என்னும் உறுதி இல்லாதவன், வரும்போதே வயலை நிரப்பிக்கொள்ளுதலும் இயல்பே.

மடகாஸ்கரிலும் இதுவே நிகழ்ந்தது. முயன்று பார்த்தவர்களில் கணிசமானோர் பின்னர் கைவிட்டனர். வறியவன் தன் வயலில் கூடுதலாக உழைக்கவேண்டிய அதே மாதங்களில், வீட்டில் நெல் தீர்ந்து, அன்றாடக் கூலிக்காகப் பிறர் வயலுக்குப் போகவேண்டியிருந்தது. எவனுக்காக இம்முறை கண்டறியப்பட்டதோ அவனுக்கே அது கைக்கெட்டாமற் போயிற்று. மிக உயர்ந்த விளைச்சல் கணக்குகளை ஐயுற்ற அறிவியலாரும் உண்டு. எல்லா மண்ணுக்கும் எல்லா உழவர்க்கும் ஒரே மருந்து என்று அடிகளாரின் முறையைப் புகழ்வது உண்மையாகாது.

எஞ்சி நிற்பது

எனினும் முயற்சி வீண்போகவில்லை. நாற்றின் வயதைக் குறைத்தல், விதையைக் குறைத்தல், வரிசையாக நடுதல், வயலை இடையிடையே காயவிடுதல் ஆகியவை முழுமையாக இல்லாவிடினும் தனித்தனியே உழவர் வழக்கத்தில் கலந்துவிட்டன. இயந்திர நடவுக்குப் பாய் நாற்றங்கால் விடும் உழவர், பதினைந்து நாள் இளநாற்றையே நடுகின்றனர். நடவாள் கிடைக்காத குறையை இயந்திரம் போக்குகிறது. ஆனால் வாடகை கொடுக்க இயலாதவர் நிலை என்ன, நடவுக் கூலியை நம்பிய பெண்கள் நிலை என்ன என்னும் வினாக்கள் அப்படியே உள்ளன.

நெல்லுக்கு மட்டுமன்று. எலுமிச்சை நகரம் என்று பெயர் பெற்ற புளியங்குடித் தோட்டங்களுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் நன்கு பொருந்தும். இஸ்ரயேல் என்னும் சிறு நாட்டில், பாலைநிலத்துக் கூட்டுப்பண்ணை ஒன்று 1960-களில் தயாரிக்கத் தொடங்கிய குழாய் அது. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்திலும், மற்றையோர்க்கு 75 விழுக்காடு மானியத்திலும் அது வழங்கப்படுகிறது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஒரு மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. வயல்களின் நடுவே அமர்ந்து நம் பிள்ளைகள் உலகுக்கெல்லாம் கணினிப் பணி செய்கின்றனர். இந்த அறிவில் ஒரு சிறு பங்கு, எந்த மடை எப்போது திறக்கும், எந்தக் குளத்தில் எவ்வளவு நீர் உள்ளது என்பதனைக் கடைமடைக்காரர் தம் கைப்பேசியில் நாள்தோறும் அறியச் செய்யுமாயின், காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனத்துக்கு உள்ள பெருந்தடை ஒன்று நீங்கிவிடும். நீர் வரும் என்று உறுதியாக அறிந்தவன் வயலைக் காயவிட அஞ்சமாட்டான்.

நம் பங்குக் குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒரே மடையில் பாயும் பத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் நட்டு, முறைவைத்து நீர் பாய்ச்சினால், தனியொருவர் படும் அல்லல் பாதியாகும். களைக்கருவியையும் நடவு இயந்திரத்தையும் மகளிர் குழுவே வாங்கி வாடகைக்கு இயக்குமாயின், பெண்ணின் கூலி ஊரை விட்டுப் போகாது. மேட்டு வயலில் ஒற்றை நாற்றும், பள்ள வயலில் சற்று முதிர்ந்த நாற்றும் என்று நிலம் பார்த்து முடிவுசெய்யும் உரிமை உழவரிடமே இருத்தல் வேண்டும். லொலானியே அடிகளார் முதலில் பல ஆண்டுகள் கவனித்துக் கேட்டார் என்பதனை மறந்து, அவர் முறையை மட்டும் கட்டளையாகக் கொண்டுவந்ததே பல இடங்களில் நேர்ந்த குறை எனலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலில், தூய நீரைப் பெறுவது மாந்தர் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று எடுத்துரைத்தார். அந்த உரிமை சிற்றாற்றங்கரையில் மிக எளிய வடிவில் நம்முன் நிற்கிறது: தலைமடையில் தேவைக்குமேல் தேக்கும் ஒவ்வோர் அங்குல நீரும் கடைமடையில் ஒரு குடும்பத்தின் கார் சாகுபடி. கருவியும் முறையும் எவ்வளவு சிறந்தவையாயினும், அந்த நீரை அயலானுக்கு விடும் மனம் இல்லாவிடில் பயனில்லை. மனத்தைப் பண்படுத்துதல் என்று அத்தீவினர் தம் சங்கத்துக்குப் பெயரிட்டது இதனாற்போலும்.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் குடும்பங்கள், அருவியில் நீராடியபின் அரைநாள் ஒதுக்கிச் சிற்றாற்றின் கரையோடு கிழக்கே சென்று வருமாறு வேண்டுகிறோம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தட்டில் விழும் சோறு எந்த மடையைத் தாண்டி வந்தது என்பதனை அவர்கள் கண்ணால் காணட்டும்.